கோட்டுக்கு நாலு விரல் இந்தப் பக்கம்

அன்புள்ள குச்சிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தையும் உன் வலது முழங்கையின் சுகத்தையும் தனித்தனியாக எழுது, வீடியோவில் கேட்டால் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தலையாட்டலில் முடித்துவிடுகிறாய். பக்கத்தில் தெரிகிற அந்த ஐஸ் பையை நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறாய், உன் அம்மா முதலில் பார்ப்பதே அதைத்தான். கடிதம் என்று நான் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். இதை மைதானத்துச் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், காலை பத்தரை மணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி முடித்துப் போய்விட்டார்கள். உனக்குத் தெரிந்த அதே மேஜைதான், நாலாவது காலுக்குப் பதிலாக ரெண்டு செங்கல், பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டை, மேலே நீ சின்ன வயதில் தொங்கி ஆடின அதே கம்பி. போனில் பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் என் முகத்தைப் பார்த்ததும் என்னப்பா என்று கேட்பாய், ஒண்ணுமில்லம்மா என்று நான் சொல்லிவிடுவேன். அந்த ஒண்ணுமில்லையைச் சொல்லிச் சொல்லி எனக்கு நல்ல பழக்கம் ஆகிவிட்டது, அதனால்தான் காகிதம்.

வீட்டு நிலவரம் முதலில் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கிற மிஷின் போய்விட்டது, சுற்ற ஆரம்பித்தால் குளியலறையிலிருந்து நடந்து வாசல் வரைக்கும் வருகிறது, போன வாரம் கதவைச் சாத்தி அதை மறித்துக்கொண்டு உன் அம்மா நின்றிருந்தாள். ஊரில் உள்ள ஃபிரிட்ஜை எல்லாம் பழுது பார்க்கிற உன் தம்பிக்கு நம் வீட்டு மிஷினைத் திறந்து பார்க்க நேரமில்லை, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான், இன்னும் எல்லாத் துணியும் உன் அம்மா கையால்தான். சமையலறையில் அவன் அடித்துக் கொடுத்த புதுப் பலகையும் வலது பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது என்று சொன்னேன், ஏங்க தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க, சுவத்த ஏன் பாக்குறீங்க என்று உன் அம்மா அடக்கிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை மேல்வீட்டுத் தையல்காரம்மாவைப் பார்க்க ஏறி இறங்குகிறாள். கேட்டால் ஏறினாத்தானே வலிக்குது, இறங்கும்போது வலிக்கலையே என்கிறாள். டாக்டர் இவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாமல் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். உன் தம்பி பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம், நன்றாக இருக்கிறாள், அத்தை போட்டியைப் பாத்துட்டுத்தான் பொறக்கும்னு சொல்லுங்க மாமா என்று என்னைச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் பேட்டி டிவியில் வந்தது. தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே இறங்கி வந்துவிட்டாள், தம்பியும் அவன் பெண்டாட்டியும் இருந்தார்கள், உன் அம்மா மட்டும் நின்றுகொண்டே பார்த்தாள். நீ நன்றாகப் பேசினாய். முழங்கையில் ரெண்டு ஆப்பரேஷன் ஆனதைச் சொன்னாய், இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி எறிவதுதான் கடைசி, அதோடு ஈட்டியைக் கீழே வைக்கப்போகிறேன் என்று சொன்னாய். அதை நீ எங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தாய். அப்புறம் பேட்டி எடுத்த பெண் கேட்டாள், எல்லாரும் கோட்டை ஒட்டி வந்து எறிகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு பின்னால் நின்றுவிடுகிறீர்கள் என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், பதினேழு வயசுல ஒரு தேர்வுப் போட்டி, கோட்டுக்கிட்ட நடுவரா நின்னது எங்க அப்பா, நான் கோட்டை மிதிச்சிட்டேன், சொந்தப் பொண்ணுன்னு பாக்காம சிவப்புக் கொடியைத் தூக்கிட்டாரு, அன்னையிலேர்ந்து கோட்டுக்கு ஆறடி முன்னாடியே என் கால் தானா நின்னுரும், நான் இத்தனை நாடு போய் எறிஞ்சேனே, அங்கெல்லாம் நேர்மையா இருந்தது அந்தக் கொடியாலதான், எனக்குக் கெடச்ச முதல் பரிசே அதுதான் என்று. தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். தம்பி விசில் அடித்தான். தடகளச் சங்கத்துச் செயலாளர் போன் போட்டு, கோட்டுக்காரரே, உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு உம்ம பெருமை என்றார். நான் எல்லாரிடமும் தலையை ஆட்டினேன். கடைவாய்ப் பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, அப்படி இருந்தது, என் முகம் சிரித்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு உன் அம்மா டம்ளர்களை எடுத்து அலம்பப் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே சாதாரணமாகச் சொன்னாள், அன்னைக்கு உங்க ஷூவில சுண்ணாம்பு இருந்துச்சு, அவ ஷூவில இல்ல, ரெண்டையும் நான்தானே கழுவினேன் என்று. கோடு போட்டவன் ஷூவில் சுண்ணாம்பு இருக்காதா என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள், கோடு போடறப்ப செருப்புல்ல போட்டிருந்தீங்க, நடுவர்னா ஷூ போடணும்னு சொல்லி அப்புறம்தானே மாத்தினீங்க, புது ஷூ, கறுப்பு, வலது கால் நுனியில மட்டும் வெள்ளையா அப்பியிருந்துச்சு, சிகரெட்டை மிதிச்சுத் திருகின மாதிரி என்று. பதினோரு வருஷமாகத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் என்றாள். அவ்வளவுதான், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

குச்சி, நீ அன்றைக்குக் கோட்டை மிதிக்கவில்லை. இந்த வரியை எழுதத்தான் காலையிலிருந்து மிஷின் கதையும் பலகைக் கதையும் அளந்துகொண்டிருந்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்றைக்கு நான் நடுவரே கிடையாது, உனக்குத் தெரியும், நான் மைதானத்தில் கோடு போடுகிற ஆள், கோட்டுக்காரன். ஈட்டிக்கான வளைவுக் கோட்டை எட்டு மீட்டர் கயிற்றை ஆணியில் கட்டி இழுத்து விடியற்காலையில் நானேதான் போட்டேன். கோட்டுக்குப் போட்டிருந்த நடுவருக்குக் காய்ச்சல், வரவில்லை, வேறு ஆள் இல்லை என்று செயலாளர் ரெண்டு கொடியையும் என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் சொன்னார், பாத்துப்பா, உன் பொண்ணு வரப்போ கோடு கொஞ்சம் தள்ளிப் போயிடப் போகுது என்று. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். வெள்ளைக் கொடி இடது கை, சிவப்பு வலது கை. உன் முதல் எறிதல் நாற்பத்தைந்து பத்து, வெள்ளை காட்டினேன், அதிகாரிகள் மேஜைப் பக்கம் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். அது செருமலோ இருமலோ, எனக்கு அது என்னைப் பார்த்துச் செருமின மாதிரி இருந்தது. ரெண்டாவதுக்கு நீ ஓடி வந்தாய். அப்படி நீ ஓடி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, இத்தனை வருஷம் டிவியில் பார்த்தும் திரும்பப் பார்க்கவில்லை. இடது காலை ஊன்றினாய், ஈட்டி போயிற்று, வலது கால் முன்னால் வந்து ஊன்றி ஆடி நின்றது. கோட்டுக்கு நாலு விரல் இந்தப் பக்கம். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியும், என் பொழப்பே கோடு பார்ப்பதுதான். ஈட்டி தரையில் குத்தினதும் ஓவென்று சத்தம், எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது, என் வலது கை மேலே இருந்தது. நான் தூக்கினேன் என்று சொல்ல வேண்டும், தானாகப் போயிற்று என்று எழுதினால் அதுவும் பொய்.

அதோடு நின்றிருந்தால்கூட அவசரத்தில் கண் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். செயலாளர் மேஜையை விட்டு எழுந்து பார்க்க வந்துகொண்டிருந்தார், இருபது தப்படி தூரம் இருக்கும். நான் கீழே பார்த்தேன், கோடு நான் போட்டது போட்டபடியே பளிச்சென்று இருந்தது, ஒரு பொடி கலையவில்லை. வலது ஷூ நுனியை அதன்மேல் வைத்துத் திருகினேன். அவர் வந்து குனிந்து கலைந்த இடத்தைப் பார்த்தார், என் தோளில் கை போட்டு, இவன்தான்யா நடுவர் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நீயும் வந்து பார்த்தாய். பார்த்துவிட்டு என்னிடம், ஸாரிப்பா என்றாய். உன் மூன்றாவது நாற்பத்தொன்றுதான் போயிற்று, அதற்கப்புறம் எறிந்ததெல்லாம் அதற்கும் கீழே, கோட்டுக்குப் பக்கத்தில் வரவே இல்லை நீ. மூன்றாவது இடம். பயிற்சி முகாமுக்கு முதல் ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டார்கள், நீ ஒரு வருஷம் வீட்டில் இருந்து மறுபடி போட்டி போட்டுப் போனாய். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, உங்களுக்கு அவமானமாப் போச்சாப்பா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாய். ஒண்ணுமில்லம்மா என்றேன்.

ஃபவுல் ஆன எறிதலை யாரும் அளக்க மாட்டார்கள், அது உனக்கே தெரியும். ஆனால் மறுநாள் காலையில் புல் வெட்டும்போது ஈட்டி குத்தின ஓட்டை எனக்குக் கிடைத்தது. டேப்பைக் கொண்டுபோய் நான் ஒருவனாக அளந்தேன், அந்தப் பக்கம் ஒரு கல்லை வைத்து, இந்தப் பக்கம் நான் பிடித்து, மூன்று தடவை அளந்தேன். நாற்பத்தொன்பது மீட்டர் எழுபத்திரண்டு. அன்றைக்கு ஜெயித்த பெண் எறிந்தது நாற்பத்தாறு எண்பத்தைந்து. அந்த ஓட்டையில் ஒரு நாலங்குல ஆணியைத் தலை தெரியாமல் அடித்து வைத்தேன், எதற்கு என்று கேட்காதே. பதினோரு வருஷமாகப் புல் வெட்டும்போது அந்த இடம் வந்தால் மிஷினைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வேன். எனக்கு அதற்கப்புறம் நல்லதுதான் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். சங்கத்தில் நிரந்தர நடுவர் ஆக்கினார்கள், நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். அதுவரைக்கும் கோட்டுக்காரன் என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் அன்றையிலிருந்து கோட்டுக்காரர் என்றார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த ஒரு எழுத்து எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது குச்சி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு எழுத்துக்காகவே நான் வாயைத் திறக்கவில்லை.

நீ மட்டும் ஜெயிக்காமல் போயிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். நீ ஜெயிக்க ஆரம்பித்துவிட்டாய், விமானம் ஏறினாய், ஊர் ஊராக எறிந்தாய், சரி ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நான் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் டிவி முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது உன் கையை இல்லை, உன் காலைத்தான். கோடு பக்கத்தில் வர வர உன் ஓட்டம் பிரேக் பிடித்த மாதிரி சுணங்கும், முழு வேகத்தையும் கால் வாங்காமல் கையே இழுக்கும். உன் ஷூ நீளம் இருபத்தாறு சென்டிமீட்டர், அதை வைத்துக் கணக்குப் பண்ணினால் கோட்டுக்கும் உன் காலுக்கும் நடுவில் ஏழு ஷூ வைக்கலாம். கோட்டுக்குப் பின்னால் விட்டுவிடுகிற இடம் எல்லாம் எறிதலிலிருந்து கழிகிற தூரம், இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் பெரிய போட்டியில் இருபத்து மூன்று சென்டிமீட்டரில் நாலாவது வந்தாயே, உன் ஷூ நீளம்கூட இல்லை. அன்றைக்கு உன் அம்மா பாதியில் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டாள், இருட்டின பிறகு யார் துணி காயப்போடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டதோடு சரி. முழங்கைக்கு வந்ததும் இதனால்தானா என்று எனக்குத் தெரியாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும், நான் கேட்கவும் பயப்படுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் கோச் வீடியோவில் வந்தாரே, நினைவிருக்கிறதா. எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார் மனுஷன். அவர் கேட்டதை நீதான் எனக்குச் சொன்னாய், சின்ன வயசுல கோட்டுக்கிட்ட இவ எதுக்காவது பயந்தாளான்னு கேக்குறாருப்பா என்று. எனக்குக் கதவு திறந்து கொடுத்த மாதிரிதான் அது. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்றேன். நீ சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பி அவர் பாஷையில் இல்லை என்றாய். கோட்டுப் பக்கத்தில் நடந்தது ஒரு நொடி வேலை, இது நிதானமாக யோசித்துச் சொன்னது, ரெண்டில் பெரிய தப்பு இதுதான் என்று இப்போது படுகிறது.

திங்கட்கிழமை காலையில் செயலாளரிடம் போனேன். சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முழுக்கச் சொன்னேன், ஷூ திருகினது வரைக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, இப்ப என்னப்பா பண்ணச் சொல்ற, அந்த ரெக்கார்டெல்லாம் எங்க கிடக்கோ, யாருக்கும் தெரியாததைப் போய் ஏன் கிளறுறே என்றார். என் பொண்டாட்டிக்குத் தெரியும் சார் என்றேன். அப்புறம் கொடி கொடுக்கும்போது அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன், கோடு தள்ளிப் போயிடப் போகுது என்று சொன்னீர்களே என்று. அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நான் அப்படியா சொன்னேன் என்று கேட்டார். நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. பதினோரு வருஷமாக நான் வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்த பேச்சு, சொன்னவருக்கு அது ஒரு தும்மல்கூட இல்லை. கொடி ரெண்டையும் பட்டையையும் மேஜைமேல் வைத்தேன், இழுப்பறையில் போட்டுக்கொண்டார், கோட்டுக்காரருக்கு ஒரு டீ சொல்லு என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார், நான் குடிக்காமல் வந்துவிட்டேன். சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். அவன் அக்காகிட்ட சொல்லிட்டீங்களா என்று மட்டும் கேட்டான், போய்த் துணி மிஷினைத் திருப்பிப் போட்டு அவிழ்க்க ஆரம்பித்தான், இன்னும் திருகாணிகள் குளியலறை முழுக்கக் கிடக்கின்றன. உன் அம்மா என்னோடு சண்டை போடவில்லை. போட்டால் தேவலை. சாப்பிட வாங்க என்கிறாள், மோட்டாரை நிறுத்துங்க என்கிறாள், எப்போதும் போலத்தான். எனக்கும் அழுகை வரவில்லை, என்மேல் கோபம்கூடச் சரியாக வரவில்லை, எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. அந்தப் பலகை கோணலாக இருக்கிறதே, நாலு நாளாக அது கோணலாகவே எனக்குத் தெரியவில்லை.

போட்டி முடிந்த பிறகு எழுதலாம், இப்போது சொன்னால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். போட்டி முடிஞ்சு சொன்னா அது உங்களுக்குச் சொல்றது, முன்னாடி சொன்னாத்தான் அது அவளுக்குச் சொல்றது என்றாள். நேராக இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். கூரியர் கடைப் பெண் ஆறு நாள் என்கிறாள், அப்படியானால் உன் கையில் இது கிடைக்கும்போது உனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அதை நீ போட்டிக்கு அப்புறம் பார்த்துக்கொள், வேண்டாம் என்று பட்டால் வேண்டாம். இதைக் கோச்சிடம் முழுக்கப் படித்துச் சொல், ஒரு வரி விடாதே, உன் அப்பா உன்னிடம் அவர் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னார் என்பதையும் சொல். ஓட்டம் ஆரம்பிக்கிற குறியை எவ்வளவு முன்னால் வைப்பது என்பது அவர் கணக்கு, ஒரு வாரத்தில் முழுக்க மாற்றுவது கஷ்டம் என்று அவர் சொன்னால் ரெண்டு அடியாவது வை, ரெண்டு அடி வந்தாலே அது அறுபது சென்டிமீட்டர். புதுக் குறியை எடுத்த எடுப்பில் போட்டியில் வைக்காதே, முதலில் ஈட்டி இல்லாமல் சும்மா ஓடிப் பார். கோட்டை மிதித்துவிடுவோமோ என்று தோன்றும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள், நீ மிதித்ததாக உனக்கு நினைவிருக்கிற அந்த ஒரு தடவை நீ மிதிக்கவே இல்லை. உன் கால் கோட்டை நம்பி வந்தது, கோட்டுப் பக்கத்தில் நின்ற ஆள்தான் சரியில்லை. உன் அம்மா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன், கோட்டை மிதிச்சா மிதிச்சிட்டுப் போறா, ஆனா அதை அவளே மிதிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கைக்கு ஐஸ் வைக்கும்போது துணி சுற்றி வை, அப்படியே வைக்காதே. கையில் பலம் இருக்கட்டும், மனதில் தைரியம் இருக்கட்டும், நீ நிற்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும், இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, பெற்றவன் என்பதால் சொல்கிறேன். ஒரே ஒரு ஞாபகம். இந்தக் கடைசித் தாள் வெறும் தாள் இல்லை, திருப்பிப் பார். அன்றைக்குப் போட்டிக்கு எழுதின மதிப்பெண் தாளின் கார்பன் நகல், அசலைச் சங்கத்தில் கொண்டுபோய்விட்டார்கள், இது இந்த மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. மேலிருந்து ஐந்தாவது வரி உன்னுடையது, ரெண்டாவது கட்டத்தில் ஃபவுலுக்கான பெருக்கல் குறி இருக்கும். அதை அடித்திருக்கிறேன். பக்கத்தில் 49.72 என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, நடுவர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் போட்டிருக்கிறேன். சங்கத்துக்கு அது செல்லாது, உனக்குச் செல்லும்.

இப்படிக்கு
உன் அப்பா,
கோட்டுக்காரன்